வண்டி என் பொறுப்பு

"புது பில்டிங்ல பார்க்கிங்கும் குடுத்திருக்கான் மாமா, அத..."

போன் அதோடு நின்றது. பேசிக்கொண்டிருந்த மருமகன் மகேஷ்குமார் நிறுத்தவில்லை. கேட்டுக்கொண்டிருந்த பூதத்தான்தான் நிறுத்தினார். சுடுசட்டியைத் தொட்டவர் போலப் போனைத் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தார்.

"யாருப்பா போன்ல?" என்றாள் இளைய மகள் மாரிசெல்வி.

"ஒங்க அத்தான். திலக் நகர்ல புது வீடு கைக்கு வந்துட்டாம். ஐப்பசில பால் காய்ச்சுதாங்களாம்."

"நல்ல விஷயம்தான."

"பார்க்கிங் இருக்காம்."

"சரி."

"என்னட்டி சரி? பார்க்கிங் இருக்குன்னா என்ன அர்த்தம்? எடம் ரெடி, வண்டி எங்கன்னு அர்த்தம்."

மாரிசெல்வி தலையில் கை வைத்தாள். பதிமூன்று வருஷமாக அந்த வீட்டில் ஓடும் ஒரே நாடகம் இந்த வண்டி.

பூதத்தானுக்குத் தாராவியில் பள்ளிக்கூடப் பை தைக்கும் பட்டறை. பட்டறை என்றால் கீழே நாலு மிஷின், இரும்பு ஏணியில் ஏறினால் மேலே வீடு. மாரிசெல்வி அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. பி.ஏ. பொருளாதாரம். மாட்டுங்காவில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. படிப்பு அவளுக்குக் கொடுத்தது கொஞ்சம் சம்பளம், நிறையக் கோபம்.

மூத்தவள் சண்முகவடிவுக்குத் திலக் நகரில் மாப்பிள்ளை பார்த்தபோது பூதத்தானின் மனைவி உயிரோடு இல்லை. பெண்வீட்டுப் பேச்சு முழுக்க அவர் ஒருவர்தான். கீழே மிஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்க, மேலே மாப்பிள்ளையின் அம்மா விஜயராணி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"நகை நட்டெல்லாம் உங்க இஷ்டம் அண்ணாச்சி. நாங்க வாயத் தெறக்க மாட்டோம். வண்டி மட்டும் நீங்க பாத்துக்கிடணும்."

"வண்டி என் பொறுப்பு மைனி," என்று நெஞ்சில் கை வைத்தார் பூதத்தான்.

அந்த வருஷம் தாராவியில் நடந்த கல்யாணங்களில் பாதிக்கு மேல் மாப்பிள்ளைக்கு வண்டி கொடுத்தார்கள். வசதிக்குத் தக்கபடி சிலர் ஸ்கூட்டர், சிலர் பைக். மகேஷ்குமாரிடம் ஏற்கெனவே பைக் இருந்தது. ஆகவே கார். பூதத்தான் போட்ட கணக்கு அவ்வளவுதான். பெண்ணைப் பெற்றவன் கணக்குப் போட்டால் விடை எப்போதும் பெரிதாகத்தான் வரும்.

கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு மண்டபத்தில். முகூர்த்தம் தப்பிவிடுமோ என்று ஐயர் கடிகாரத்தைப் பார்க்கும் நேரத்தில்தான் மாப்பிள்ளை வீட்டார் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார்கள். விஜயராணியின் பட்டுச்சேலைக் கரையெல்லாம் சேறு. சந்தனத்தைக்கூடத் தொடாமல் கேட்ட முதல் கேள்வி:

"வண்டி எங்க அண்ணாச்சி?"

"வந்துரும் மைனி. கொஞ்சம் பொறுங்க," என்றார் பூதத்தான்.

வரவில்லை. அப்போது சின்னக் கார் மூன்று லட்சம். சீட்டுப் போட்டு மூன்று லட்சத்தை எடுத்துக்கொண்டு போனார். கார் மூன்றே முக்காலுக்குப் போயிருந்தது. மூன்றே முக்காலைச் சேர்த்தார். புகைக்குப் புது விதி வந்து நாலரை ஆனது. நாலரையை நெருங்கும்போது ஊரடங்கு வந்தது. பட்டறையைப் பூட்டினார்கள். காரின் முன் பாதியைக் குடும்பம் சோறாகத் தின்றது. திறந்து வெளியே வந்து பார்த்தால் கார் அஞ்சைத் தாண்டி நின்றது.

ஒவ்வொரு ஜனவரியும் கார்க் கம்பெனிகள் விலையைக் கூட்டும். 'மூலப்பொருள் செலவு உயர்வு' என்று பேப்பரில் கௌரவமாகப் போடுவார்கள். பூதத்தானுக்கும் ரெக்சின் ஏறியது, ஜிப் ஏறியது, நூல் ஏறியது. ஒரு பைக்கு ரெண்டு ரூபாய் கூடக் கேட்டால், மொத்தமாக வாங்கும் சேட், "வேற ஆள் பாத்துக்கறேன்" என்பார். அதை எந்தப் பேப்பரும் போடவில்லை.

வண்டி இல்லாமல் சம்பந்தி வீட்டு வாசப்படியை மிதிப்பதில்லை என்று அவராகவே ஒரு சபதம் எடுத்துக்கொண்டார். பேத்தி பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தார், வீட்டுக்குப் போகவில்லை. கூப்பிடு தூரத்தில் இருக்கும் மகள் வீட்டில் ஒரு வாய் சோறு தின்றதில்லை. வடிவு தாராவிக்கு வரும்போதெல்லாம் கண்ணைக் கசக்குவாள்.

"அத்தை இன்னும் சொல்லிக் காட்டுதாவப்பா. 'ஒங்கப்பா எங்களை நடக்க விட்டவருல்லா'ங்காவ."

அதைக் கேட்ட அன்று பூதத்தான் தைக்கும் பைகளில் வார் எல்லாம் கோணலாகப் போகும்.

இப்போது பார்க்கிங்.

"நான் போய் நேராக் கேக்கேன்," என்றாள் மாரிசெல்வி. "வரதட்சணை கேக்கறது சட்டப்படி குத்தம். எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் பதிமூணு வருசம் குத்திக் காட்டுதாங்கன்னு கேக்கேன்."

"நீ கேட்ட, ஒங்கக்கா வாழ்க்க போச்சு. கார் அவுக கைக்குப் போற வர வாயத் தெறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினாள். பட்டதாரிகளும் அப்பன் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணிவிட்டுப் பல்லைக் கடிக்கிறார்கள். நாடு இப்படித்தான் ஓடுகிறது.

வாயைத் திறக்கக் கூடாது என்றால் படிப்பைத் திறக்க வேண்டியதுதான்.

"அப்பா, நிதானமாக் கேளுங்க. வாக்குக் குடுத்தப்ப கார் மூணு லட்சம். அக்காவுக்குச் சீர், வளைகாப்பு, காதுகுத்துன்னு நீங்க செஞ்சதக் கூட்டினா மூணு லட்சம் எப்பவோ தாண்டியாச்சு. உங்க கணக்கு முடிஞ்சுது. அதுக்கப்புறம் ஏறினது பணவீக்கம். அது உங்க தப்பில்ல."

"பண வீக்கமா?"

"ஆமா. பணத்தோட மதிப்பு கொறையும், வெலை கூடும். அன்னைக்கு மூணு லட்சம்னா இன்னைக்கு ஆறு லட்சத்துக்குச் சமம்."

கடைசி வாக்கியம் வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்குப் பட்டது. பூதத்தான் மிஷினை நிறுத்தியிருந்தார்.

"அப்ப நான் குடுத்த வாக்கு இன்னைக்கு ஆறு லட்சம்."

"இல்லப்பா, நான் சொல்ல வந்தது..."

"பணம் வீங்கினா வாக்கும் வீங்கும்லா. நான் அஞ்சோட முடிச்சிரலாம்னு கெடந்தேன். நல்லவேள, படிச்ச பிள்ள, சொன்ன."

மூன்று வருஷம் படித்த பொருளாதாரம் அப்பனுக்கு ஒரு லட்சம் கூடுதல் செலவு வைத்தது.

அடுத்த வழியாகக் குர்லாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ரஹ்மத்துல்லா பழைய கார்களைச் சரிபண்ணி விற்கும் ஒர்க்ஷாப் வைத்திருந்தார். மேலப்பாளையத்துக்காரர், அப்பாவின் கூட்டாளி. பளபளவென்று ஒரு வெள்ளைக் காரைக் காட்டினார்.

"மூணு வருசம் ஓடின வண்டிண்ணே. புதுசுன்னு சொன்னா என் பொண்டாட்டியே நம்பிருவா."

"வெலை?"

"நாலே முக்கால்."

"பழசுக்கா?"

"புதுசு ஏறினா பழசு கீழயா நிக்கும்? அதுவும் கூடவே ஏணில ஏறிரும்ணே."

மாரிசெல்வி வேகமாகத் தலையாட்டினாள். "மிச்சம் பாருங்கப்பா. ஒண்ணே கால் லட்சம் மிச்சம்."

பூதத்தான் காரைச் சுற்றி வந்தார். பின்கண்ணாடியில் பழைய சொந்தக்காரன் 'சாஹில்' என்று ஒட்டியிருந்த எழுத்துகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"ஓடித் தேஞ்சதுக்கே நாலே முக்கால்னா, தேயாததுக்கு ஆறு கொள்ள மலிவுல்லா."

ரஹ்மத்துல்லா மாரிசெல்வியைப் பார்த்தார். "இவரு கிட்டயா நீ கணக்குப் பேசுத?"

மிச்சம் இருந்த நம்பிக்கை ஷோரூம். காருக்கு ஷோரூமில் ஒரு விலை, ரோட்டில் இறங்கும்போது வேறொரு விலை. வரி, பதிவு, இன்சூரன்ஸ் என்று ஒவ்வொன்றாக ஏறும்போது அப்பாவுக்கு மூச்சு முட்டும், தானாக எழுந்து வந்துவிடுவார் என்று மாரிசெல்வி நினைத்தாள். செம்பூர் ஷோரூமில் வந்தனா என்ற பெண் சிரித்த முகமாக இந்தியில் பேசினாள்.

"இதுல ஆறு ஏர் பேக் அங்கிள்."

பூதத்தானுக்கு 'பேக்' என்ற சொல் மட்டும் தொழில்முறையில் காதில் விழுந்தது.

"எங்க, காட்டு."

"தெரியாது அங்கிள். உள்ள மடிச்சு வெச்சிருக்கும். எங்கயாவது இடிச்சாத்தான் வெளிய வரும்."

"ஜிப் உண்டா?"

"இல்ல."

"வார்?"

"இல்ல அங்கிள்."

பூதத்தான் மகள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "ஜிப்பும் இல்ல, வாரும் இல்ல, கண்ணாலயும் பாக்க முடியாது. இதுக்கு என்ன வெலை போட்டிருக்கா இவ? ஆறு பை நான் தச்சுக் கொண்டாறேன், அதக் கழிச்சிக்கிடச் சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன்."

"படிச்சிருக்கல்லா, சொல்லு."

"அதுக்குத்தான் சொல்ல மாட்டேங்கேன்."

வந்தனா ரோட்டு விலையை வரிசையாக வாசித்தாள். பூதத்தான் கல்யாணப் பத்திரிகையில் சொந்தக்காரர்கள் பேரை வாசிக்கக் கேட்பவர் போல ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கூட்டுத்தொகை ஆறு லட்சத்துக்குச் சில்லறை கூட.

"ஏட்டி, நீ சொன்ன கணக்கு அச்சு அசலா வருதே," என்றார் பெருமையாக.

மாரிசெல்விக்கு அழுகை வந்தது. "யோசிச்சிட்டு வரோம்," என்று எழுந்தாள்.

"யோசிங்க மேடம்," என்றாள் வந்தனா. "ஆனா பண்டிகை வருது. ரேட் ஏறினா என்னைச் சொல்லக் கூடாது. ஏறாத வருஷம் எது, நீங்களே சொல்லுங்க."

பூதத்தான் மறுபடி உட்கார்ந்துவிட்டார். பதிமூன்று வருஷ அனுபவம் அவருக்கு ஒரே ஒரு பாடத்தைத்தான் கற்றுக்கொடுத்திருந்தது: இன்றைக்கு வாங்காவிட்டால் நாளைக்கு ஏறும். சீட்டுப் பணம், புது மிஷினுக்கு வைத்திருந்த பணம் எல்லாம் போய், ஆகஸ்ட் கடைசியில், பிள்ளையாரை வீட்டுக்குக் கொண்டுவரும் கூட்டத்துக்கு நடுவே கார் தாராவிக்கு வந்தது.

செப்டம்பரில் சர்க்கார் சின்னக் கார்களுக்கு வரியைக் குறைத்தது.

மாரிசெல்வி போனில் அந்தச் செய்தியை மூன்று தடவை படித்தாள். அரை லட்சத்துக்கு மேல் குறைந்திருந்தது. பதிமூன்று வருஷமாக ஏறிக்கொண்டே இருந்த சாமான், அப்பா வாங்கிய மறுமாதம் இறங்கியிருக்கிறது. வந்தனாவுக்குப் போன் போட்டுக் கத்தினாள். "மேடம், இறங்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? என் சர்வீஸ்ல நான் பாத்ததே இல்ல," என்றாள் வந்தனா. அது உண்மையாக இருந்ததால் மாரிசெல்விக்கு இன்னும் எரிந்தது.

பூதத்தான் மட்டும் அசரவில்லை. "எப்படியும் ஒருத்தன் ஏமாந்தாத்தான் வெலை எறங்கும்னு இருந்திருக்கு. ஊருக்கு நல்லதுதான," என்றார். "அதோட, கொறஞ்ச வெலைக்கு வாங்கியிருந்தா வாக்கும்லா கொறஞ்சிருக்கும்."

கார் அவர்கள் சந்துக்குள் நுழையாது. அந்தச் சந்தில் ஒருவர் வந்தால் எதிரே வருகிறவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். ரோட்டில் நிறுத்தினார். தூசி படியும் என்று ரெக்சினில் அதற்கு ஒரு உறை தைத்தார். நாலு பக்கமும் ஜிப், முன்னால் தண்ணீர் பாட்டில் வைக்க ஒரு வலைப்பை. தோளில் மாட்ட வார் மட்டும்தான் இல்லை. உறை போட்டதால் நம்பர் பிளேட் தெரியாமல், கேட்பாரற்ற வண்டி என்று போக்குவரத்துப் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. அபராதம் கட்டி மீட்டு வந்து, நம்பர் தெரிய உறையில் ஒரு ஓட்டை வெட்டி, பிளாஸ்டிக் தாள் வைத்துத் தைத்தார். பெயர் எழுதி வைக்கும் இடம் மாதிரி அச்சாக இருந்தது. தெருவில் எல்லாரும் "பூதத்தாண்ணே, பை நல்லா வந்திருக்கு" என்றார்கள்.

பால் காய்ச்சும் நாளும் ஞாயிறுதான். வீட்டில் யாருக்கும் கார் ஓட்டத் தெரியாததால் ரஹ்மத்துல்லா தன் ஒர்க்ஷாப் பையன் அல்தாபை அனுப்பியிருந்தார். பூதத்தான் புது வேட்டி கட்டி, காருக்குச் சாமந்தி மாலை போட்டார். பக்கத்துப் பட்டறை இசக்கிதுரை பல் விளக்கிக்கொண்டே குரல் கொடுத்தான்.

"திலக் நகருக்கா அண்ணே? இன்னைக்கு ஹார்பர் லைன் ரயில்ல மெகா பிளாக். தண்டவாள வேலையாம். வண்டி கெடையாது பாத்துக்கிடுங்க."

பூதத்தான் கார்க் கூரையைத் தட்டினார். பதிமூன்று வருஷமாகக் காத்திருந்த வாக்கியம்.

"நமக்கு வண்டி இருக்குலே."

வழியெல்லாம் மாரிசெல்வி மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். சாவி கை மாறும் வரைதான் சத்தியம். மாறிய அடுத்த நொடி சட்டப் பிரிவு நம்பரோடு பேச வேண்டும். எந்த இடத்தில் குரலை உயர்த்துவது என்பதுகூட முடிவாகியிருந்தது.

திலக் நகரில் இருபது மாடிக் கட்டடம். கீழே பார்க்கிங்கில் மகேஷ்குமாரின் வீட்டு நம்பர் எழுதிய கட்டத்தில் ஏற்கெனவே ஒரு பெரிய கறுப்புக் கார் நின்றது.

பூதத்தானின் முகம் வெளுத்தது. "அவுகளே வாங்கிட்டாவ."

மகேஷ்குமார் ஓடி வந்தான். "மாமா, வாங்க வாங்க. கடைசில வந்துட்டீங்க. இந்தக் காரா? மேல பத்தாவது மாடிக்காரரோடது. பார்க்கிங்க வாடகைக்கு விட்டாச்சு. அன்னைக்குப் போன்ல அதத்தான சொல்ல வந்தேன். லைன் கட் ஆயிட்டு."

நிறுத்த இடம் இல்லாமல் அல்தாப் எஞ்சினை அணைக்காமலே நின்றான். பின்னால் தண்ணீர் லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான். லிப்டிலிருந்து விஜயராணி இறங்கி வந்தார். கையில் ஆரத்தித் தட்டு, பின்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வடிவு. அப்பா கேட் தாண்டி வந்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது.

பூதத்தான் வெற்றிலை மேல் சாவியை வைத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"மைனி, லேட்டாயிட்டு. மன்னிச்சிக்கிடுங்க. நீங்க கேட்ட வண்டி."

விஜயராணி சாவியை வாங்கிக்கொண்டார். சத்தியம் முடிந்தது.

"அத்தை, நான் ஒண்ணு கேக்கணும்," என்றாள் மாரிசெல்வி. குரல் அவள் திட்டமிட்டதைவிட உயரத்தில் போனது. வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தான். "வரதட்சணையா ஒரு காரக் கேட்டுட்டு, அதுக்காக எங்கப்பாவ ஒங்க வீட்டுச் சோத்துல கை நனைக்க விடாம, நடக்க விட்டாரு நடக்க விட்டாருன்னு பதிமூணு வருசமாக் குத்திக் காட்டுதீங்களே, இது எந்த நியாயம்?"

விஜயராணி சாவியைப் பார்த்தார். மாலை போட்ட காரைப் பார்த்தார். கடைசியில் பூதத்தானைப் பார்த்தபோது தன் கையிலிருந்த ஆரத்தித் தட்டு சாய்ந்து சிவப்புத் தண்ணீர் தரையில் ஒழுகியது.

"காரா? கல்யாணம் ஞாயித்துக்கெழம, இன்னைக்கு மாரியே மெகா பிளாக், ஆட்டோக்காரனும் சயான் தாண்ட மாட்டான், பட்டுச்சேலையோட நாங்க அம்புட்டுப் பேரும் கிங்ஸ் சர்க்கிளுக்கு நடந்தா வருவோம்னு, மண்டபத்துல கொண்டாந்து எறக்க அன்னைக்கு ஒரு நாளைக்கு ஒரு டெம்போதான அண்ணாச்சி கேட்டேன்."